கிணற்றில் விட்ட விரால்

அந்த வருடம் மலேரியா என் மனைவிக்கு மூன்று தரம் வந்தது. மூன்றாம் தரம் போன பிறகு எழும்பி உட்கார்ந்தாள், சீப்பால் தலை இழுத்துக்கொண்டாள், கோழிகளை ஏசினாள். ஆனால் சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. கல்யாணம் முடித்து முப்பத்தாறு வருடத்தில் குறை சொல்லாமல் அவள் எழும்பிய சாப்பாடு ஒன்றும் எனக்கு நினைவில்லை. அவளுடைய சொந்தச் சமையலுக்கும் அதே கதிதான்.

காய்ச்சல் நாட்களில் குசினி என் கையில் இருந்தது. சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு நாள் பருப்பில் உப்பே போடாமல் வைத்தேன். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாயிருக்கு" என்றாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உப்புத் தெரியுதே?"

"என்னத்தைத் தெரியிறது? உப்பும் தெரியேல்லை, புளியும் தெரியேல்லை. எல்லாம் ஒரு கசப்பு." சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "விரால் எண்டால் சாப்பிடுவன் போல கிடக்கு."

அவ்வளவுதான். விரால் பிடிக்கப் போவதென்று நான் முடிவு செய்தேன். அதுவரை நான் ஒரு மீனும் பிடித்ததில்லை. தபாற்கந்தோரில் இருபத்தொன்பது வருடம் முத்திரை எண்ணியவன். முத்துஐயன்கட்டில் எங்களுக்குக் காணி கிடைத்த நாளிலிருந்து குளத்து மீனைச் சைக்கிளில் வருகிறவனிடம்தான் வாங்கியிருக்கிறேன். அவன் அந்த மாதம் முழுக்க யப்பான் என்கிற திலாப்பியா மீன்தான் கொண்டுவந்தான். அதன் சேற்று மணம் அவளுக்கு நல்ல சுகத்திலேயே பிடிக்காது.

துணைக்குச் சம்மாட்டி இருந்தார். முள்ளிவாய்க்கால் கரையில் சொந்த வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்தவர். கரையில் ஷெல் விழத் தொடங்கிய பிறகு மனைவியோடு வந்து எங்கள் காணியின் தெற்கு மூலையில் கிடுகு வீடு போட்டிருந்தார். தூண்டில் முள் எந்தக் கடையிலும் கிடைக்காத காலம். அவருடைய பால்மாப் பேணிக்குள் ஐந்து முள் இருந்தன. பேணியைத் திறக்கும்போதெல்லாம் நான் எண்ணிப் பார்த்துக்கொள்வேன்.

பேராறு மாரியில் மரங்களைப் பிடுங்கிக்கொண்டு போகிற ஆறு. புரட்டாசியில் மணலும் மருத மர நிழலும், இடைக்கிடை மடுக்களும்தான். வெள்ளம் வற்ற வற்ற விராலெல்லாம் அந்த மடுக்களில் அடைந்துவிடும். முதல் மழை விழுந்தால் ஆற்றோடு இறங்கிக் குளத்துக்குப் போய்விடும், பிறகு யாருக்கும் அகப்படாது. வானம் தெற்கில் கறுத்துக்கொண்டிருந்தது. நான் வானத்தையும் பார்த்து, தக்கையையும் பார்த்து, கழுத்து நோவோடு இருந்தேன்.

முதல் இரண்டு தரம் மண்புழு போட்டோம். இரண்டு கெளுத்தி, ஒரு யப்பான், கரையில் கிடந்த ஒரு செருப்பு. மாடுகளை வீட்டுக்குச் சாய்க்க வந்த ஒரு மனுசி நின்று பார்த்தாள்.

"என்ன சம்மாட்டி ஐயா, கடல் இப்ப இஞ்சாலை வந்திட்டுதோ?"

"ஓம் பிள்ளை. உப்புப் போட மறந்திட்டினம்."

அவள் போன பிறகும் அவருடைய காது சிவந்தே இருந்தது. சுறாவை வள்ளத்தில் ஏற்றிய மனிதர் முட்டளவுத் தண்ணீர்க் கரையில் தடியோடு குந்தியிருப்பது அவருக்குப் பெரிய மானக்கேடு. அந்தக் கோபத்தை என்மேல் காட்டினார்.

"போஸ்மாஸ்டர், வாயை மூடுங்கோ."

"நான் கதைக்கேல்லையே."

"எண்ணுறியள். சொண்டு ஆடுது. நாங்கள் கடலுக்கை மீனை எண்ணுறேல்லை. எண்ணினால் போயிடும்."

"ஒண்டும் பிடிக்கேல்லை, பிறகு எந்த மீனை எண்ணுறது?"

"அப்ப என்னத்தை எண்ணுறியள்?"

கொக்குகளை. பதினொன்று நின்றன.

மூன்றாவது தரம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம். விராலுக்கு உயிர்த் தவளைதான் சரி என்று வாய்க்கால் கரையில் கேட்டறிந்து, ஆறு குட்டித் தவளைகளைப் போத்தலில் கொண்டுபோயிருந்தேன். சம்மாட்டி போத்தலைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார்.

"அதை நீங்களே குத்துங்கோ."

"ஏன், பயமோ?"

"பயமில்லை. அருவருப்பு." முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சிலுவை அடையாளம் போட்டார். அது மீனுக்காகவா தவளைக்காகவா என்று நான் கேட்கவில்லை.

முதலாவது தவளை என் சட்டைப் பைக்குள் பாய்ந்தது. இரண்டாவது சம்மாட்டியின் மடிக்குள். அறுபது வயது மனிதர் அவ்வளவு உயரம் எழும்புவார் என்று நான் நினைத்ததே இல்லை. மூன்றாவதைப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு முள்ளில் ஏற்றினேன். அது நீரின் மேலே இரண்டு தரம் நீந்தியது. மூன்றாம் தரத்துக்கு அது இருந்த இடத்தில் ஒரு பெரிய வாய் திறந்து மூடியது. ஒரு கதவு அடித்துச் சாத்துகிற சத்தம்.

"விடாதையுங்கோ! ஓய், விடாதையுங்கோ!"

தடி என் கையில் நின்றது, நான் கரையில் நிற்கவில்லை. வழுக்கி மடுவுக்குள் இருந்தேன். சம்மாட்டி எனக்குப் பின்னால் குதித்து நூலைப் பிடித்து இழுத்தார். நூல் இரண்டு பேரையும் சுற்றியது. மீன் என் காலுக்கும் அவர் காலுக்கும் நடுவில் அடித்துக்கொண்டு நின்றது. பிடிக்கப் பிடிக்கச் சவர்க்காரம் மாதிரிக் கையிலிருந்து நழுவியது. முள் கழன்றுவிட்டது என்று தெரிந்ததும் நான் வேட்டியை உரிந்து மீனின்மேல் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தேன். தண்ணீர் மூக்கு வரை வந்தது. எனக்குக் கீழே அது திமிறுகிற ஒவ்வொரு தரமும் நான் ஒரு சாண் எழும்பி ஒரு சாண் இறங்கினேன்.

சம்மாட்டி உதவவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எனக்கும் சிரிப்பு வந்து, வாயெல்லாம் ஆற்றுத் தண்ணீர்.

முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம், அதற்குமேல் நாலு விரற்கடை. ஈரச் சாக்கில் சுற்றிக் கரியரில் கட்டினோம். நான் இடுப்பில் துவாயோடு சைக்கிள் ஓட்டினேன். வழியில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் நாங்களே நிறுத்திச் சாக்கை விரித்துக் காட்டினோம். அப்படி ஐந்து இடத்தில் நின்றதால் வீட்டுக்கு வர விளக்கு வைத்துவிட்டார்கள்.

மனைவி குசினி வாசலில் நின்றாள். நிலமெல்லாம் கழுவி ஈரமாக இருந்தது. மீன் காய்ச்சுகிற மச்சச் சட்டிகளை வீட்டுப் பின்கோடிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டாள்.

"நாளைக்கு வெள்ளி" என்றாள்.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எண்ணிப் பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. நாளைக்கு வெள்ளி. மறுநாள் புரட்டாசிச் சனி. அதற்கு அடுத்த நாள் அமாவாசை. அதோடு நவராத்திரி ஒன்பது நாள், பிறகு விஜயதசமி. பதின்மூன்று நாள் அந்த வீட்டில் மீன் காய்ச்ச முடியாது.

"வருத்தக்காரருக்கு விரதம் இல்லையப்பா."

"ஆர் சொன்னது?"

"அக்கா, எங்கடை வீட்டிலை காய்ச்சி வேலியாலை தாறம்" என்றார் சம்மாட்டி. "உங்கடை குசினிக்கை வராது."

"குசினி வேறை எண்டாலும் வாய் என்ரை தானே தம்பி."

சம்மாட்டி சாக்கைக் கீழே வைத்தார். மீன் சாக்குக்குள் வாயைத் திறந்து திறந்து மூடியது. சாகிற மாதிரி இல்லை. கிணற்றில் விடலாம் என்று சொன்னது நான். மலேரியா பரப்பும் நுளம்பின் குடம்பியைத் தின்னட்டும் என்று ஊரில் பலர் கிணற்றில் மீன் விட்டிருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து வாளியில் வைத்து இறக்கினோம். அது வாலை ஒரு தரம் ஆட்டிவிட்டுக் கறுப்புத் தண்ணீருக்குள் போனது. பிறகு எப்படி வெளியில் எடுப்பது என்று மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கேட்டேன். "முப்பது வருசம் கடலிலை பிடிச்சனான்" என்றார் சம்மாட்டி. "கிணறு எனக்கு என்ன?" ஆனால் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

அந்தப் பதின்மூன்று நாளும் மனைவி காலையும் மாலையும் கிணற்றடிக்கு நடந்தாள். முதல் நாள் வேலியைப் பிடித்துப் பிடித்து. நாலாம் நாள் பிடிக்காமல். சிரட்டையில் கறையான் கொண்டுபோய், வாளிக்குள் போட்டு இறக்கி, வாளியால் தண்ணீரை மெல்லத் தட்டினாள். விரால் மூச்செடுக்க மேலே வருகிற மீன்.

"இண்டைக்கு அஞ்சு தரம் மேலை வந்தவர்" என்று எனக்குச் செய்தி சொன்னாள். "வடக்குப் பக்கம்தான் நிக்கிறார்."

அவர். எனக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. இவள் அந்த மீனுக்குக் கறையான் போட்டுப் போட்டு, கடைசியில் வேண்டாம், வளரட்டும் என்று சொல்லிவிடுவாள். நவராத்திரிக் கடலையையும் அவலையும் அவள் ஒரு குறையும் சொல்லாமல்தான் தின்றாள். மழையும் வந்தது. பேராறு பாயத் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். இனி வேறு விரால் இல்லை.

விஜயதசமிக்கு மறுநாள் வியாழன். சம்மாட்டி விடியவே வந்து வேலையைத் தொடங்கினார். தவளை போட்டோம். விரால் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் வீசிய வலை கப்பியில் மாட்டிக்கொண்டது. கழற்ற நான் ஏறினேன், நானும் மாட்டிக்கொண்டேன். இரண்டாம் வீச்சு கிணற்றுக் கல்லில் பிடித்து ஒரு முழம் கிழிந்தது. சம்மாட்டி கடலில் சொல்கிற சில வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, "மன்னியுங்கோ அக்கா" என்றார்.

"ரெண்டு பேரும் தள்ளுங்கோ" என்றாள் மனைவி.

சிரட்டைக் கறையானை வாளிக்குள் கொட்டினாள். இறக்கித் தண்ணீரைத் தட்டினாள். வாளி சரிந்து நின்றது. கறுப்பாக ஒரு தலை வந்தது, வாளிக்குள் நுழைந்தது. அவள் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தாள். எங்கள் விரால் கிணற்றுக் கட்டில் வாளிக்குள் நின்று எங்களைப் பார்த்தது.

"பாவம், பழகின மீன்" என்று நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"பிறகு நான் என்னத்துக்கு இவ்வளவு நாளும் கறையான் போட்டனான்? சட்டியைக் கழுவுங்கோ."

சம்மாட்டி வெட்டினார், நான் காய்ச்சினேன். கடற்கரைக் குழம்பு எப்படி, தோட்டக்காரர் குழம்பு எப்படி என்று இரண்டு பேரும் அடுப்படியில் பிடுங்குப்பட்டுக்கொண்டே காய்ச்சினோம். மனைவி கதிரையில் இருந்து சோற்றைக் குழைத்து முதல் வாய் வைத்தாள். மென்றாள். நாங்கள் வாசலில் நின்றோம். குறை ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வாய். அதற்கும் இல்லை.

மூன்றாம் வாயில் முகத்தைச் சுளித்தாள்.

"உப்புக் கூடிப்போச்சு."

நான் சம்மாட்டியைப் பார்த்தேன்.

"புளி பச்சையா மணக்குது. வெந்தயத்தைக் கருக்கிப்போட்டியள். பால் திரைஞ்சு போச்சு. துண்டை ஆர் வெட்டினது, சுறாவுக்கு வெட்டின மாதிரி? மஞ்சள் போட்டனீங்களோ இல்லையோ?"

சம்மாட்டி என் முழங்கையில் இடித்தார். "எண்ணாதையுங்கோ போஸ்மாஸ்டர்" என்றார் காதுக்குள். "போயிடும்."

சொண்டை இறுக்கிக்கொண்டேன். ஆனால் ஆறு குறை எண்ணி முடிந்துவிட்டது. மனைவி வெறுங்கோப்பையை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ. சோறும் குழைஞ்சு போச்சு."