பெட்டியில் ஒரு சதுர ஓட்டை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் தெருவில் யாருக்கும் அது தெரியாது. முப்பத்தோரு வருஷம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக ஏறி இறங்கியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'செக்கிங்'. வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது; கண்ணுக்கு மட்டும் கிடைக்கவில்லை. தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்க்காமல் காய்கறி வாங்கமாட்டார். வெளியூரில் இருக்கும் மகள் போனில் "நல்லா இருக்கேம்ப்பா" என்று சொல்லி வைத்ததும் மனைவியிடம் திரும்பி, "குரல்ல ஏதோ இருக்கே, கவனிச்சியா?" என்பார்.

"சளி இருக்கு," என்பார் மனைவி.

அந்த மனைவிக்கு மணிக்கட்டு வீங்கி, இனித் துணி பிழியவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால்தான் இருவரும் சலவை இயந்திரம் வாங்கக் கடைக்குப் போனார்கள். கடைவீதி முனையில் இருந்த மூன்று மாடிக் கடை. பில் போடுகிறவர் வாய் நிறையச் சிரிப்போடு வரவேற்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப்பையில் இரண்டு பேனா.

"இந்த மாடல எடுங்க சார். ஆறாயிரம் ரிபேட் இருக்கு."

"அப்போ ஆறாயிரத்தைக் கழிச்சுப் பில் போடுங்க."

"அது தள்ளுபடி சார். தள்ளுபடின்னா காசு கொடுக்கறதுக்கு முன்னாடியே குறைச்சிடுவோம். ரிபேட் அப்படி இல்ல. முழுப் பணமும் நீங்க கட்டிடணும். அப்புறம் பில்லு, அட்டைப் பெட்டியில ஒட்டியிருக்கற பார்கோடு சீட்டு, இந்த ஃபாரம், மூணையும் தபால்ல அனுப்பினா கம்பெனி உங்களுக்கு ஆறாயிரத்தைத் திருப்பி அனுப்பும்."

"என்கிட்ட வாங்கி என்கிட்டயே கொடுக்கறதுக்கு எதுக்கு வாங்கணும்?"

பில் போடுகிறவர் மேசைமேல் சாய்ந்துகொண்டார். விஷயம் தெரிந்தவரின் உற்சாகம் அவருக்கு. "ஆரம்பத்துல இது கடைக்காரங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவுல இருந்த ஏற்பாடு சார். வருஷத்துக்கு இவ்வளவு சரக்கு வித்தா, கடைசியில இவ்வளவு திருப்பித் தருவோம்னு. அப்புறம் சோப்பு உறை பத்து அனுப்பு, காசு தர்றோம்னு ஜனங்க பக்கம் வந்தாங்க. இப்போ டி.வி., பிரிட்ஜ் வரைக்கும் வந்தாச்சு. ஏன் சார், வீட்டு வரியைச் சீக்கிரம் கட்டினா கொஞ்சம் கழிக்கறாங்களே, அதுவும் ரிபேட்தானே?"

"கம்பெனிக்கு என்ன லாபம்?"

"பாதிப் பேர் அனுப்பவே மாட்டாங்க சார். சோம்பேறித்தனம், மறதி, பில்லைத் தொலைக்கறது. ஆறாயிரம்னு பார்த்து வாங்குவாங்க, வீட்டுக்குப் போனதும் மறந்துடுவாங்க."

செக்கிங்குக்கு அந்தப் பதில் பிடித்தது. இத்தனை நேரத்தில் அவர் நம்பிய ஒரே வார்த்தை அதுதான். வீட்டுக்கு வந்ததும் மகளின் பழைய பள்ளிக்கூட அகராதியை எடுத்துப் புரட்டினார். ரிபேட் என்ற சொல்லுக்கு மூலம், 'அடித்துத் தாழ்த்துவது' என்று பொருள்படும் ஒரு பழைய பிரெஞ்சுச் சொல் என்று போட்டிருந்தது.

"யாரை அடிக்கறாங்கன்னு போடலையே," என்றார்.

"உங்களைத்தான். அகராதியை வச்சுட்டுச் சாப்பிட வாங்க," என்றார் மனைவி.

மூன்று நாள் கழித்து வண்டி வந்தது. இயந்திரத்தை ஒற்றை ஆளாக முதுகில் சாய்த்துப் படியேற்றினான் சுமைக்காரன். காதுவரை முறுக்கிய மீசை. கடையில் எல்லோரும் கூப்பிட்டதும் 'மீசை' என்றுதான். பட்டையை அறுத்து, பெட்டியைக் கழற்றி, இயந்திரத்தைக் குழாயடியில் நிறுத்திவிட்டு வெற்று அட்டையை மடிக்க ஆரம்பித்தான்.

"அதை எங்க எடுத்துட்டுப் போற?"

"குப்பை சார். உங்களுக்கு எதுக்கு இடைஞ்சல்? நானே எடுத்துட்டுப் போயிடறேன்."

செக்கிங்குக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. கூலியில்லாமல் ஒருத்தன் குப்பை சுமக்கிறானா? "வை கீழ," என்று பெட்டியைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்கோடு ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில், கூரிய கத்தியால் அறுத்தெடுத்தாற்போல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுர ஓட்டை.

"இங்க இருந்த சீட்டு எங்க?"

"தெரியாது சார்."

"கையில கத்தி வச்சிருக்க. தெரியாதா?"

"பட்டை அறுக்கற கத்தி சார் இது."

முப்பத்தோரு வருஷத்தில் 'தெரியாது சார்' என்பதை எத்தனை குரலில் கேட்டிருப்பார்! மனைவி தடுக்கத் தடுக்க, பெட்டியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்குப் போனார். கடையில் நல்ல கூட்டம். முதலாளியின் மேசைமேல் பெட்டியை வைத்து, ஓட்டை வழியாகக் கையை விட்டு ஆட்டிக் காட்டினார். பின்னாலேயே திரும்பிவந்த மீசையின் வண்டியைச் சோதித்தபோது அடியில் மேலும் நான்கு அட்டைப் பெட்டிகள் மடித்துக் கிடந்தன. நான்கிலும் அதே சதுரம்.

முதலாளி அதிகம் யோசிக்கவில்லை. "நாளையிலேர்ந்து வராத," என்றார்.

மீசை செக்கிங்கைப் பார்த்தான். "அட்டையைப் பழைய பேப்பர் கடையில எடைக்குப் போடறவன் சார் நான். ஓட்டை எப்படி வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது." வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

பில் போடுகிறவர் செக்கிங்குக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "மனசுல வச்சுக்காதீங்க சார். கம்பெனிக்கு நானே எழுதிக் கேக்கறேன்."

"வேண்டாம். நானே எழுதிக்கறேன்," என்றார் செக்கிங். அவரைச் சந்தேகப்பட்டு அல்ல. யாரையும் விட்டு எழுதவைக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது.

இயந்திரத்தின் எண்ணையும் பில்லின் நகலையும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார். நாலாவது வாரம் பதில் வந்தது. இந்த எண்ணுள்ள இயந்திரத்துக்கான ரிபேட் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது; விண்ணப்பம் எங்களுக்கு வந்து சேர்ந்தது ஒன்பதாம் தேதி; நகல் இணைக்கப்பட்டுள்ளது என்று இருந்தது.

ஒன்பதாம் தேதி என்பதை விரலால் அழுத்திக்கொண்டே நாட்காட்டியைப் பார்த்தார். அவர் கடைக்குப் போய்ப் பணம் கட்டியது ஐந்தாம் தேதி. மீசை இயந்திரத்தைக் கொண்டுவந்தது எட்டாம் தேதி மாலை. எட்டாம் தேதி மாலை அறுத்த சீட்டு, மறுநாளே இரண்டு நாள் தபால் தூரத்தில் இருக்கிற ஊருக்குப் போய்ச் சேருமா? பெட்டி கடையை விட்டுக் கிளம்பும்போதே அதில் ஓட்டை இருந்திருக்கிறது.

நகலில் பெயர் அவருடையதுதான். வங்கிக் கணக்கு யாருடையதோ. கீழே ஒரு கைபேசி எண். மனைவியின் போனை வாங்கி அந்த எண்ணை அழுத்தினார். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். வாய் நிறையச் சிரிப்பிருக்கும் குரல்.

"சொல்லுங்க, யார் பேசறது?"

செக்கிங் போனை வைத்துவிட்டார். சட்டைப்பையின் இரண்டு பேனாவும் கண்முன் வந்து நின்றன. பாதிப் பேர் அனுப்பமாட்டார்கள் என்று அந்த ஆள் கணக்காகச் சொன்னபோது, எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லையே! எல்லோரையும் சந்தேகப்பட்ட மனுஷன், சிரித்துப் பேசி விளக்கம் சொன்னவனை மட்டும் விட்டுவிட்டார். மீசையையும் கத்தியையும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டார்.

"என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"அந்த சுமைக்காரன் எடுக்கல," என்றார்.

மனைவி கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்து, "போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றார்.

முதலாளி கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கதவைச் சாத்தினார். பில் போடுகிறவர் அவருடைய மனைவியின் தம்பியாம். "வீட்டு விஷயம் சார். உங்க ஆறாயிரத்தை நான் தர்றேன். அவனை வேற இடத்துக்கு அனுப்பிடறேன். இதோட விட்டுடுங்க."

"என் பணம் கம்பெனியிலேர்ந்து வரட்டும். மீசைக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"கூப்பிட்டா வரப்போறான்."

கூப்பிட்டார்கள், அவன் வரவில்லை. காய்கறிச் சந்தையில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவனைச் செக்கிங்தான் தேடிப் பிடித்தார். கடிதத்தைக் காட்டி, தேதியைச் சொல்லி, "தப்பு என்னோடதுப்பா," என்றார். மீசை மூட்டையை இறக்கிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தான்.

"இங்க யாரும் இல்லாதப்ப வந்து சொல்றீங்க. அங்க நூறு பேர் பார்த்தாங்க சார்."

ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் நெரிகிற நேரமாகப் பார்த்து, செக்கிங் மேசைப் பக்கம் நின்று உரக்கச் சொன்னார்: "போன மாசம் இதே இடத்துல ஒருத்தர் மேல திருட்டுப் பழி போட்டேன். அவர் திருடல. நான்தான் சரியா விசாரிக்கல." பலருக்கு என்ன விஷயம் என்றே புரியவில்லை. ஊழியர்களுக்குப் புரிந்தது. பில் போடும் இடத்தில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மீசை வாசலில் நின்று கேட்டான். கேட்டுவிட்டு, "சந்தையில எனக்குக் கூலி கூடத்தான் வருது," என்று முதலாளியிடம் சொல்லித் திரும்பினான்.

தெரு முனையில் செக்கிங் அவனை எட்டிப் பிடித்தார். "இன்னும் நாலு பெட்டி இருந்துச்சே. அது யார் வீட்டுது?"

"வீடெல்லாம் ஞாபகம் இருக்கு. படியேறின வீடு மறக்குமா?"

"காட்டறியா? அவங்க காசும் போயிருக்கும்."

மீசை அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு நடந்தான். அவர் பின்னாலேயே போனார்.

முதல் வீட்டில் ஓர் அம்மாள் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் முகத்தை மட்டும் காட்டினார். செக்கிங் ரிபேட், பார்கோடு, ஓட்டை என்று எல்லாவற்றையும் விளக்கினார்.

"இதுல உங்களுக்கு எவ்வளவு கமிஷன்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாம ஒருத்தர் வீடு தேடி வருவாரா?"

மீசைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். செக்கிங் கம்பெனிக் கடிதத்தையும் தன் பழைய அடையாள அட்டையையும் கதவிடுக்கு வழியாக நீட்டினார். அந்த அம்மாள் இரண்டையும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். உள்ளே யாரிடமோ படித்துக் காட்டும் சத்தம் கேட்டது. பத்து நிமிஷம் ஆனது. வெயில் படியில் ஏறிவந்தது.

"போயிடலாமா சார்?"

"இரு. நல்லாப் படிக்கட்டும்," என்று சொல்லி, செக்கிங் படியில் உட்கார்ந்தார்.