பதுங்கு சீட்டு

என் மகனுக்கு எட்டு வயது நிறைந்தபோது அவன் சித்தப்பா ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கித் தந்தார். கட்டம் போட்ட பலகை, இரண்டு நிறத்தில் வீரர்கள், ஒரு கட்டுச் சீட்டு. விதிப் புத்தகம் மட்டும் இருபது பக்கம். எதிரியின் சீட்டைப் பார்த்த பிறகு கேடயச் சீட்டை இறக்கலாமா கூடாதா என்று போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்கும் எதிர் ஃபிளாட் பெண்ணுக்கும் சண்டை. இருவரும் என் முன்னால் வந்து நின்றார்கள்.

“நீயே படிச்சுச் சொல்லும்மா. நீ சொன்னா கரெக்டா இருக்கும்” என்றான் மகன்.

படித்தேன். நான்கு முறை படித்தேன். போதாதென்று கைபேசியில் தேடி, அதே சந்தேகத்தை வேறு யார் யாரோ கேட்டிருந்ததையும் அதற்கு வந்த பதில்களையும் படித்தேன். காத்திருந்து சலித்த குழந்தைகள் விளையாட்டையே மறந்து டிவி பார்க்கப் போய்விட்டார்கள். “என்ன, வக்கீல் பரீட்சையா எழுதப்போற?” என்று கணவர் சிரித்தார். அவரிடம் நான் இதைச் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. எழுதும்போதாவது ஒன்றையும் மாற்றிவிடக் கூடாது என்று பயந்துகொண்டே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஆவடியில், டாங்கி செய்யும் தொழிற்சாலையின் குடியிருப்பில் இருந்தோம். எங்கள் பிளாக்கில் எட்டு வீடுகள். ஒரு குடும்பத்துக்கு மாற்றல் வந்தால் லாரியில் ஏறாத பொருள்களெல்லாம் பிளாக்கிலேயே தங்கிவிடும். பூந்தொட்டி ஒரு வீட்டுக்கு, தண்ணீர் டிரம் ஒரு வீட்டுக்கு. மாடி வீட்டு அண்ணன் குடும்பம் புனேவுக்குக் கிளம்பியபோது, அவன் ஒரு பெட்டியைப் படிக்கட்டில் வைத்து, “பிளாக் பசங்க எல்லாருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெட்டிக்குள் ஒரு போர்க்களம் இருந்தது. மலையும் ஆறும் வரைந்த பலகை, அதன்மேல் நகர்த்தச் சின்னச் சின்ன டாங்கிகள். இரண்டு டாங்கிகள் நேருக்கு நேர் நின்றால், ஆடுகிற இருவரும் கையிலிருந்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்துத் திருப்ப வேண்டும். பெரிய எண் ஜெயிக்கும். தோற்ற டாங்கி பெட்டிக்குப் போகும். எதிரியின் மலையில் இருக்கிற கொடியைப் பிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. எண் இல்லாத சீட்டு ஆளுக்கு ஒன்றே ஒன்று உண்டு. பள்ளத்துக்குள் குனிந்திருக்கும் சிப்பாய் படம் போட்டது. அதை இறக்கினால் நம் டாங்கி சாகாமல் ஒரு கட்டம் பின்வாங்கும். அடிக்க வந்தவன் தன் சீட்டை வீணாக இழப்பான். நாங்கள் அதைப் பதுங்கு சீட்டு என்றோம். அதை எப்போது இறக்க வேண்டும் என்பது விதிப் புத்தகத்தின் கடைசித் தாளில் இருந்திருக்க வேண்டும். அந்தத் தாளில் பாதி கிழிந்து போயிருந்தது.

கிழிந்ததைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை. எங்களுக்குத்தான் வீட்டுக்கு வீடு நிபுணர்கள் இருந்தார்களே. டாங்கி ஆற்றைக் கடக்குமா என்ற சந்தேகம் வந்தால், இஞ்சின் பிரிவில் வேலை செய்தவரின் மகன் சொல்வதுதான் சட்டம். எத்தனை கட்டம் தாண்டிச் சுடலாம் என்பதைப் பீரங்கிப் பிரிவின் மகள் சொல்வாள். ஒருமுறை, குளிர்ந்த இஞ்சினோடு வண்டி கிளம்பாது, அது சூடாகும்வரை யாரும் நகரவே கூடாது என்று இஞ்சின் பிரிவு தீர்ப்புச் சொல்லி, ஒரு சாயங்காலம் முழுக்க எல்லோரும் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். என் அப்பா இன்ஸ்பெக்‌ஷன். மற்றவர்கள் செய்து முடித்ததைச் சரியா தப்பா என்று பார்த்து முத்திரை வைப்பவர். ஆகவே எந்தப் பிரிவிலும் சேராத சந்தேகங்கள் என்னிடம் வந்தன. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்தக் கோடை விடுமுறைக்கு வானகரத்திலிருந்து அத்தை மகள் வந்தாள். அவளுக்கும் என் வயதுதான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். வந்த அன்றே அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, “அவ கூட நல்லா விளையாடு. அவ பேசற மாதிரி மட்டும் பேசிடாத” என்றாள். மூன்றாம் நாள் அவள் பீரங்கிப் பிரிவைத் தோற்கடித்தாள். ஐந்தாம் நாள் இஞ்சின் பிரிவு. என்னைத் தோற்கடித்தது எத்தனையாவது நாள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆறாம் நாள்.

விடுமுறை முடிவதற்குள் பெட்டி யார் வீட்டில் இருப்பது என்று தீர்த்துவிட வேண்டும் என்றான் இஞ்சின் பிரிவின் மகன். போட்டி வைப்பது, கடைசியில் ஜெயிப்பவர் வீட்டுக்குப் பெட்டி என்று முடிவானது.

“அப்ப நான் ஜெயிச்சா எங்க ஊட்டுக்கு எட்த்துனு பூடுவேன்” என்றாள் அத்தை மகள்.

“குவார்ட்டர்ஸ் பொருள் எப்படி வெளியில போகும்? கேட் பாஸ் வேணும்” என்றாள் பீரங்கிப் பிரிவின் மகள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அன்று குழாயடியில் குடத்துக்குக் காத்திருந்தபோது, உனக்கு அந்தப் பெட்டி எதற்கு என்று கேட்டேன்.

“எங்க நைனாவுக்குடி. நெலத்த வித்ததுலேர்ந்து பைபாஸாண்ட ஒரு லாரி ஷெட்டு கீது, அங்கியே கெடக்குது. காலைல போனா சாய்ங்காலம் வரிக்கும் சீட்டு. ஊட்லயே சீட்டு இருந்தா இன்னாத்துக்கு அங்க போவப் போவுது?”

“வீட்ல அவர் கூட யார் ஆடுவா?”

“நான் கீறேன்ல?”

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனாலும் பெட்டியைக் கொடுக்க மனம் வரவில்லை.

கடைசி ஆட்டம் எனக்கும் அவளுக்கும். அவள் மலைக்கு முன்னால் ஒரே ஒரு டாங்கி காவலுக்கு நின்றது. என்னிடம் ஒரே ஒரு ஒன்பது, இருப்பதிலேயே பெரிய சீட்டு. அதை வைத்தேன். திருப்பினோம். அவளுடையது நான்கு. நான் கத்தியபடி எழுவதற்குள் அவள் நான்கின்மேல் பதுங்கு சீட்டை வைத்தாள். டாங்கியை ஒரு கட்டம் பின்னால் இழுத்தாள். என் ஒன்பதை எடுத்துப் பெட்டியில் போட்டாள். அதற்குப் பிறகு என் கையில் மிஞ்சியவை ஒன்றும் இரண்டுமான சின்ன எண்கள்தான்.

அதுவரை நாங்கள் யாரும் அந்தச் சீட்டை அப்படி ஆடியதில்லை. மற்ற சீட்டுகளைப் போல முதலிலேயே கவிழ்த்து வைப்போம். எதிரி என்ன வைக்கிறான் என்று தெரியாததால், பெரும்பாலும் அது வீணாகத்தான் போகும்.

“கள்ளாட்டம்!” என்றேன்.

“இன்னாடி கள்ளாட்டம்? குண்டு வர்றது தெரிஞ்சாதான பதுங்குவான்? ஒண்ணுமே வர்ல, சும்மா குனிஞ்சிக்கினே போவானா ஒருத்தன்?”

யாரோ சிரித்தார்கள். இஞ்சின் பிரிவின் மகன் என்னைப் பார்த்து, “இன்ஸ்பெக்‌ஷன் என்ன சொல்லுது?” என்றான். வழக்கில் ஒரு தரப்பே நான்தான் என்பது யாருக்கும் உறுத்தவில்லை. சீட்டைத் திருப்புவதற்கு முன்பே வைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். எல்லோரும் கை தூக்கினார்கள். பெட்டி வானகரத்துக்குப் போகாது என்பதில் அவர்களுக்கும் நிம்மதி.

“உங்க எட்டு ஊட்டு அப்பாவுக்கும் ஒரு செக்‌ஷன் கீது. எங்க நைனாவுக்கு ஒண்ணும் இல்ல. அதான விசயம்?” என்றாள் அவள். பிறகு என் கையைப் பிடித்து அப்பாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அப்பா லுங்கியும் பனியனுமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கிழிந்த தாளை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, தொழிற்சாலையில் பார்ப்பதுபோலவே பார்த்தார். “டிராயிங் இல்லாம நான் எதையும் பாஸ் பண்ணமாட்டேன். பெட்டியக் குடுத்தவனையே கேளுங்க” என்று சொல்லி, புனே முகவரியையும் ஓர் இன்லேண்டு கடிதத்தையும் கொடுத்தார்.

நான் எழுத, அவள் சொன்னாள். “உன் பக்கத்தையும் எழுது, என் பக்கத்தையும் எழுது. எது யாருதுன்னு பேர் போடாத. ஒண்ணாவது ஆளு, ரெண்டாவது ஆளுன்னு போடு. அப்பதான் அந்தண்ணன் கரீக்டா சொல்லும்” என்றாள். அப்படியே எழுதினேன். ஒன்றாவது ஆள் நான். பதில் வரும்வரை பெட்டி எங்கள் வீட்டில் இருப்பதென்று ஆனது. பள்ளி திறக்கும் முன் அத்தை வந்து அவளை அழைத்துப் போனாள்.

பதில் ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. தபால்காரர் படிக்கட்டில் என் கையிலேயே கொடுத்தார். அங்கேயே பிரித்தேன். இரண்டாவது ஆள் சொல்வதுதான் சரி என்று மாடி வீட்டு அண்ணன் எழுதியிருந்தான். எதிரியின் சீட்டைப் பார்த்த பிறகுதான் பதுங்கு சீட்டை இறக்க வேண்டும், ஆட்டத்துக்கே அதுதான் உயிர், புத்தகம் படிக்காமலேயே அதைக் கண்டுபிடித்த ஆளுக்கு என் சபாஷைச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தான்.

தோற்றதைக்கூடத் தாங்கியிருப்பேனோ என்னவோ, அந்தச் சபாஷைத் தாங்க முடியவில்லை. இப்படிச் சொல்வதும் ஒரு சாக்குதானோ என்று இப்போது தோன்றுகிறது. கடிதத்தை நான்காக மடித்து, பெட்டியின் அடியில் இருந்த அட்டைக்குக் கீழே செருகினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கடைத்தெருவில் இருக்கும் ஒரு ரூபாய் போனிலிருந்து கூப்பிடுவாள். “இன்னாடி, லெட்டர் வந்துச்சா?” என்பாள். இல்லை என்பேன். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது ஞாயிறு அவள் கேட்கும் முன்பே, “தபால்ல தொலஞ்சிருக்கும்னு நினைக்கறேன்” என்றேன். பின்னால் பஸ் போகிற சத்தம் கேட்டது.

“சரி வுடு. நீ சொன்னதே இருக்கட்டும். அத்தினி பேரும் கை தூக்கனீங்களே, தப்பாவா இருக்கும்?” என்றாள். காசு தீர்ந்து போன் நின்றுவிட்டது.

அதன்பிறகு அவள் கூப்பிடவில்லை. பிளாக்கில் அந்த ஆட்டமும் மெல்ல நின்றுபோனது. பெட்டி எங்கள் பரண்மேல் ஏறியது. நான் அதை மறந்தும்விட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

காலாண்டு விடுமுறையில் அப்பா என்னை வானகரத்தில் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். உள்ளே நுழைந்தால், கூடத்துச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் அந்தப் போர்க்களம் வரைந்திருந்தது. மலை, ஆறு, கட்டங்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை. டாங்கிகளுக்குப் பதிலாகப் பற்பசை மூடிகள். கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் எண் எழுதி, சீட்டுகள் செய்திருந்தாள். பதுங்கு சீட்டில் பள்ளமும் சிப்பாயும் இருந்தன. சிப்பாய்க்கு மாமாவின் மீசையைப் போட்டிருந்தாள்.

மாமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். “வாம்மா ஆவடி மில்ட்ரி! குந்து, குந்து. உங்க ஆளு என்னை ரெண்டு தபா சாவடிச்சிட்டா” என்றார். நான் அத்தை மகளின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் விரல்கள் சீட்டுகளை விசிறிபோல விரிப்பதும் மூடுவதும் பார்க்கவே அழகாக இருந்தது. அவருடைய மூடிக்கு எதிரே அவள் தன் மூடியை நகர்த்தினாள். இருவரும் சீட்டைத் திருப்பினார்கள். அவளுடையது ஒன்பது, அவருடையது மூன்று. மாமா முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மூன்றின்மேல் பதுங்கு சீட்டைத் தட்டி வைத்தார்.

“போட்டேன் பாரு! பதுங்கிட்டேன்!”

“இல்ல நைனா. திருப்பறதுக்கு முன்னாடியே வச்சிருக்கணும்.”

“பாக்காம எப்டிமே பதுங்கறது?”

“அதான் ரூலு. இவதான் சொன்னா. இவங்க அப்பா இன்ஸ்பெக்‌ஷன். இவ தப்பா சொல்லமாட்டா.”

மாமா என் பக்கம் திரும்பினார். “அப்டியாம்மா?”

வாசலில் ஒரு சைக்கிள் மணி அடித்தபடி போனது. அத்தை மகள் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா மாமா” என்றேன்.

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் சீட்டுகளை விசிறியாக விரிப்பது நின்றது. “எவன் போட்ட ரூலோ, ஆட்டத்த சப்புனு பண்ட்டான்” என்றார். இன்னும் இரண்டு சுற்று ஆடினார். பதுங்கு சீட்டை முதலிலேயே வைத்துப் பார்த்தார். அது வீணாகப் போனது. பிறகு சீட்டுகளை அடுக்கித் தரையில் வைத்துவிட்டு எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார்.

“இன்னும் ஒரே ஆட்டம் நைனா.”

“சாய்ங்காலம் ஆடலாம்மா. தோ, வந்துட்றேன்.”

செருப்புச் சத்தம் பைபாஸ் பக்கத்துத் தெருமுனைவரை கேட்டது. அவள் அந்தச் சத்தம் முடியும்வரை அசையாமல் இருந்துவிட்டு, பற்பசை மூடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். “நாம ரெண்டு பேரும் ஆடலாமா?” என்றேன். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நல்ல ஆட்டம் பாதியில் நின்ற கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை சமையலறையிலிருந்து ஒரு தம்ளர் டீயோடு வந்தாள். காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். கையில் தம்ளரோடு சற்று நேரம் நின்றுவிட்டு, அதை என்னிடம் நீட்டினாள்.

“நீ குடிம்மா” என்றாள்.

நான் குடித்தேன். மாமாவுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாக இருந்தது. எனக்கும் அப்படித்தான் பிடிக்கும். வானகரத்துக்கு வந்ததும் வராததுமாக நமக்கு டீ கிடைத்துவிட்டதே என்று சந்தோஷமாக இருந்தது.