புதியவர்களின் புதன்கிழமை

எங்கள் வானொலி நிலையத்தில் அவரை எல்லோரும் ஒயர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கழுத்தில் எப்போதும் ஹெட்போன், கைப்பையைத் திறந்தால் சிக்குப் பிடித்த ஒயர்கள். புதன்கிழமை மூன்று மணிக்கு வரும் மின்னணு இசை நிகழ்ச்சி அவருடையது. பதினோரு வருடமாக அதில் ஒரே பிடிவாதம்: ஏற்கெனவே பெயர் வாங்கியவர்களின் இசை ஒரு நொடிகூட ஒலிக்காது. பஸ் கண்டக்டர், பல் டாக்டரின் உதவியாளர், தையல் கடைக்காரர் என்று யாருக்கும் தெரியாதவர்களைத் தேடிப் பிடிப்பார்.

“பெரியவங்களைத் தூக்கிப் பிடிக்க ஆயிரம் பேர் இருக்காங்க. இதுங்களுக்கு என்னை விட்டா யாரு?” என்பார்.

அவர் கணவருக்கு அந்த இசையெல்லாம் மிக்ஸி ஓடுகிற சத்தம்.

இந்த இசையை இங்கே முதலில் கொண்டுவந்தவரைப் பெரியவர் என்போம். அவரது முதல் ஆல்பம் வந்து நாற்பது வருடம் ஆனபோது மேலாளர் அக்காவைக் கூப்பிட்டார்.

“நாலு வாரத்துக்கு உங்க நேரம் முழுக்க அவர்தான்.”

“சார், அவர் பாட்டு காலையில வருது, சாயங்காலம் வருது, சோப்பு விளம்பரத்துலயும் வருது. இந்த ஒரு மணி நேரத்தையாவது விட்டுவைங்க.”

“உங்க ஆளுங்க பாட்டை யாரும்மா கேக்குறாங்க? உங்க வீட்டுக்காரராவது கேக்குறாரா?”

அக்கா விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடி, நான்காவது வாரத்தின் கடைசி இருபது நிமிடத்தை மட்டும், தான் புதிதாகக் கண்டுபிடித்த லேப் பெண்ணுக்காக வாங்கினார்.

லேப் பெண் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தின் இரைச்சலை போனில் பதிவு செய்து, அதிலிருந்தே பதினோரு நிமிட இசை ஒன்றை உருவாக்கியிருந்தாள். முதல் ஐந்து நிமிடம் வெறும் இரைச்சல்தான். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு மெட்டு மெல்லத் தலைகாட்டும். இசையைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே, கேட்டு முடித்ததும் உடனே எழுந்துபோக மனம் வரவில்லை.

நான்காவது வாரம் பெரியவர் நேரலையில் பேச வந்தார். பக்கத்து அறையில் நான்கு மணிச் செய்தியோடு நான் உட்கார்ந்திருந்தேன். முதல் கீபோர்டு வந்திறங்கிய பெட்டியைத் திறந்த கதையைப் பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று நாற்பதுக்கு அக்கா கடிகாரத்தைக் காட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற மேலாளர், பேசட்டும் என்று கையசைத்தார். மூன்று ஐம்பது. வெளியே பெஞ்சில், அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த லேப் பெண் வெள்ளைக் கோட்டோடு காத்திருந்தாள்.

பெரியவர் முடிக்கும் தறுவாயில் அக்கா இன்டர்காமில் என்னைக் கூப்பிட்டார். “செய்தியை ஏழு நிமிஷம் தள்ள முடியுமாப்பா?”

“எப்படிக்கா? நாலு ஆனா மைக் தானா திறந்துடும்.”

மூன்று ஐம்பத்தாறுக்குப் பெரியவர் பேசி முடித்தார். அக்கா உடனே லேப் பெண்ணின் இசையைப் போட்டார். அந்த நான்கு நிமிடமும் ஊர் கேட்டது வெறும் இரைச்சல். மெட்டு வருவதற்குள் நான் செய்தி வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஒலிபரப்பில் கோளாறா என்று ஆறு பேர் போன் செய்திருந்தார்கள்.

பெரியவர் மட்டும் நடைபாதையில் நின்று, “மீதி எங்கம்மா?” என்று கேட்டு, அவள் போனிலேயே முழுதும் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. மறுவாரமே தன் குழுவுக்கு அவளைக் கூப்பிட்டார்.

“அக்கா, அவர் பழைய பாட்டுங்களுக்குக் கீபோர்டு வாசிக்கணுமாம். ஊர் ஊரா போகணும். போகட்டுமாக்கா?”

“போயிட்டு வாம்மா” என்றார் அக்கா. அவள் போனதும் என்னிடம், “போகாதேன்னு சொல்ல என்கிட்ட என்னப்பா இருக்கு, அந்த நாலு நிமிஷம்தானே?” என்றார். லேப் பெண் அதற்குப் பிறகு சொந்தமாக எதையும் உருவாக்கவில்லை.

அந்த நான்கு வாரத்தில் நேயர்கள் இரண்டு மடங்கானார்கள். புதன்கிழமை மூன்று மணி நிரந்தரமாகப் பெரியவரின் பாடல்களுக்குப் போனது. நடத்துவது ஒயர் அக்காதான். “மேலிடத்து முடிவும்மா, நான் என்ன பண்ண?” என்றார் மேலாளர். நாற்பது வருடத்துப் பாடல்களைத் தேதி தப்பாமல், நல்ல குரலில், அக்கா அறிமுகம் செய்கிறார்.

புதியவர்கள் இன்னும் அவருக்குத் தங்கள் இசையை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டு, எந்த நிமிடத்தில் எது நன்றாக இருந்தது என்று பதில் எழுதுகிறார். எப்போது ஒலிபரப்புவீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் அவரால் ஒரு வரிகூட எழுத முடிவதில்லை.