என் பியானோவுக்கு நடந்த தங்கை

பாச்சை உருண்டை வாசனை எந்த அலமாரியிலிருந்து வந்தாலும் என் விரல்கள் தானாக விறைத்துக்கொள்கின்றன. எங்கள் ஆரணி சர்ச்சில் இருந்த பழைய பியானோவுக்குள், பூச்சிக்குப் பயந்து, கை நிறைய பாச்சை உருண்டை போட்டு வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்தால் முதலில் வாசனை, அப்புறம்தான் சத்தம். என் வாசிப்புக்கு அந்த வாசனையே மேல் என்பார் சாவி வைத்திருந்த வாட்ச்மேன்.

எழுபதுகளின் கடைசி. பகலெல்லாம் பட்டுத் தறி, சாயங்காலம் பியானோ. கற்றுத்தர ஆள் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அவ்வளவு தலைக்கனம். ஞாயிறுதோறும் வாசிக்கும் டீச்சரின் விரல்களைப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்து, எந்தக் கட்டை எப்போது இறங்குகிறது என்று நோட்டில் கட்டம் போட்டுக் குறித்துக்கொள்வேன். சேலை டிசைனுக்கும் அப்படித்தானே. ஒரு வருஷத்தில் இரண்டரைப் பாட்டு வந்தது. அந்த அரைக்கு வலது கை மட்டும்.

டீச்சருக்கு மாற்றல் வந்தது. அடுத்த மாதமே தங்கைக்குக் கல்யாணம். பியானோ சத்தத்தில் சர்ச்சுக்குள் நடந்து வரவேண்டும் என்பது அவளுடைய சின்ன வயசு ஆசை. வேலூரிலிருந்து யாரையாவது கூட்டிவரலாம் என்றார் அப்பா.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

தங்கை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு இருக்கறது ஒரே கல்யாணம், ண்ணா."

அன்று சர்ச் நிறைந்திருந்தது. வாசலில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தங்கை. தொடங்கினேன். நாலு வரி நன்றாகத்தான் போனது. ஐந்தாவதில் விரல் பக்கத்துக் கட்டைக்கு வழுக்கியது. பியானோக்காரன் என்றால் மேலே போயிருப்பான். நான் தறிக்காரன். தப்பாக விழுந்த இழையை அப்படியே விட்டு நெய்ய எங்களுக்குக் கை வராது. பிரித்துவிட்டு மறுபடி நெய்ய வேண்டும். நிறுத்தினேன். மூன்று வரி பின்னால் போய் வாசித்தேன். அதே இடம், அதே வழுக்கல். மறுபடி பிரித்தேன்.

தங்கையும் தறி வீட்டுப் பெண். நான் நிறுத்தினால் நின்றாள். நான் பின்னால் போனால், சத்தியமாக, அப்பாவையும் இழுத்துக்கொண்டு மூன்றடி பின்னால் போனாள். மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. பெண்ணுக்கு மனசு மாறிவிட்டது என்றே நினைத்திருப்பார், பாவம்.

"இன்னாடா பேஜாரு இது, பொண்ணு வருதா போவுதா?" கடைசி பெஞ்சிலிருந்து பெரியப்பா சத்தமாகவே கேட்டார். சர்ச்சே குலுங்கியது. பாஸ்டர் பைபிளால் வாயை மறைத்துக்கொண்டார்.

மூன்றாம் முறை நான் பிரிக்கத் தொடங்கியதும் அப்பா பொறுமை இழந்தார். பாட்டே இல்லாமல் அவளை விறுவிறுவென்று கொண்டுபோய் மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்திவிட்டார். அவள் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு ஐந்தாவது வரி சுத்தமாக விழுந்தது. யாருக்கு வேண்டும்?

பந்தியில் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். கார் கிளம்பும்போது மாட்டிக்கொண்டேன். கண்ணாடியை இறக்கினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கெடுத்துட்டேனா?"

"பியானோ சத்தத்துல நடந்தேன் இல்ல? அதுவும் மூணு தடவ. எவளுக்குக் கிடைக்கும்?" மூக்கை உறிஞ்சினாள். கார் நகர்ந்தது. தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்:

"ஆனா உன் கல்யாணத்துக்கு மட்டும் நீ வாசிக்காத, ண்ணா! பொண்ணு பின்னாலயே நடந்துகினு அவங்க வூட்டுக்கே போயிடுவா!"