சீல் பிரிக்காத கீபோர்டு

என் பீரோவில் சீல் பிரிக்காத ஒரு கீபோர்டு இருந்தது. அதைச் செய்த நிறுவனம் உற்பத்தியை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. நடுவில் பிளந்து, இரண்டு கைகளுக்கும் தனித்தனியாகக் குழிந்த வடிவம். செய்தி திருத்தும் வேலையில் மணிக்கட்டு கெட்டு, ஊசி, கட்டு எல்லாம் பார்த்தபின் எனக்கு வலியில்லாமல் தட்ட முடிந்தது இந்த மாடலில் மட்டும்தான். மேஜைமேல் இருந்தது பழையது. அதில் சில விசைகளை இரண்டுமுறை அழுத்தினால்தான் எழுத்து விழும். அது நின்றுபோனால், பீரோவில் இருப்பதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

இதே மாடலை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. "மறுபடி எப்போ வரும்?" என்பதுதான் அங்கே காலை வணக்கம். போன மாதம் புனேயில் ஒரு சிறு பட்டறை இதே மாதிரி செய்துபார்க்கச் சம்மதித்தது. அச்சு எடுக்கத் தேயாத ஒரு பீஸ் வேண்டும், அறுத்துப் பார்ப்போம், திரும்பக் கிடைக்காது என்றார்கள். தன்னுடையதைத் தர யாரும் முன்வரவில்லை. மறுநாள் யாரோ ஒரு படத்தைப் போட்டார்கள். எப்போதோ பெருமைக்கு நானே போட்ட, என் பெட்டியின் படம். கீழே ஒரு வரிகூட இல்லை.

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு பெட்டியை எடுத்தேன்.

"என் நகைக்குக்கூட இவ்ளோ பந்தோபஸ்து இல்ல," என்றாள் மனைவி. "குடுத்துட்டு, அப்புறம் கை வலிக்குதுன்னு எங்கிட்ட வரக்கூடாது."

"பட்டறைக்காரங்க செஞ்சா எல்லாருக்கும் கிடைக்கும்."

"செய்யலன்னா?"

பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினேன்.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக மதியத்துக்குமேல் ஊர்ச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். வேங்கிக்கால் கூரியர் கடைக்கு நான் போனபோது வேன் புறப்படத் தயாராக நின்றது.

"உள்ள என்ன சார்?" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

"கீபோர்டு. புதுசு. சீல்கூடப் பிரிக்கல."

"இருக்கட்டும் சார். பாக்காம ஏத்த மாட்டேன். பேரிகேட் போடறதுக்குள்ள வண்டி தாண்டணும், சீக்கிரம்."

சீலைக் கிழித்தேன். கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு தூசி இல்லை. கைகள் தாமாகவே குழிகளில் போய் உட்கார்ந்தன. விசைகள் ஒரே அழுத்தத்தில் இறங்கி எழுந்தன. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

"நல்லாத்தானே இருக்கு. ரிப்பேருக்கா அனுப்பறீங்க?"

"இல்ல. அறுக்கறதுக்கு."

அவர் கீபோர்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "யோசிச்சுக்கங்க சார். வண்டியில ஏறிடுச்சுன்னா நான் எறக்க மாட்டேன்."

மறுபடி ஹாரன். கைகளை எடுத்தேன். "டேப் ஒட்டுங்க," என்றேன்.

கிரிவலத்துக்கு வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு எதிராக ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். பெட்டி போய்விட்டதைக் குழுவுக்குச் சொல்ல, பழைய கீபோர்டின் முன் உட்கார்ந்தேன். இடதுபக்க விசை ஒன்றில் முதல் அழுத்தலுக்கு எழுத்து விழவில்லை. இரண்டாவதிலும் விழவில்லை. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மூன்றாவதில் விழுந்தது.