நாத்தனார் பையில் என் பாஸ்போர்ட்

டிசம்பர் குளிரில் நானும் என் நாத்தனாரும் பாரிஸ், வியன்னா, பிராக் என்று சுற்றுலா போனோம். "நீ தொலைச்சிடுவ" என்று என் பாஸ்போர்ட்டையும் அவரே வைத்துக்கொண்டார்.

வியன்னாவில் பனிக்கு நடுவே அவரைச் சரியாகப் படம் எடுக்கவில்லை என்று சண்டை. ரயில் நிலையத்தில் நான் கழிவறைக்குப் போய் வருவதற்குள் அவர் பிராக் ரயிலேறிப் போய்விட்டார். போனில் கூப்பிட்டேன்.

"உனக்காக நான் இறங்கணுமா? அடுத்த ட்ரெயின்ல வா" என்று வைத்துவிட்டார்.

அடுத்த ரயிலில் ஏறினேன். வழியில் போலீஸார் பாஸ்போர்ட் கேட்டார்கள். சென்னை பம்மலிலிருந்து என் மகள் போனில் அனுப்பிய பாஸ்போர்ட் நகலைக் காட்டிய பிறகே விட்டார்கள்.

பிராக் ஹோட்டலில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வந்துட்டியா?" என்றார். நேராக அவர் பையைத் திறந்து என் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டேன்.

இப்போது திருப்பதிக்குப் போனாலும் என் அடையாள அட்டை என்னிடம்தான் இருக்கும். அவரோடு மட்டும் எங்கேயும் போவதில்லை.