வார்டு எண் போடாத பதினாறாவது வரி

பிரிண்டரிலிருந்து வந்த கையோடு தாளைத் தொட்டால் ஒரு சூடு இருக்கும். மாசி மாத வெயிலோடு அந்தச் சூடும் சேர்ந்துகொள்ளும். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றும். தாள்கள் பறக்காமலிருக்க, ஒப்பந்தக்காரர்கள் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போன இன்டர்லாக் கற்களைத் தூக்கி மேலே வைப்போம்.

படிப்பு முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. நாகர்கோவிலை ஒட்டிய எங்கள் பேரூராட்சி அலுவலகத்தில், தினக்கூலிக்குக் கம்ப்யூட்டர் வேலை.

ஊர் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நேரம். போன வருடம் நெல் நின்ற வயலில் இந்த வருடம் மனைக்கல் நிற்கும். அடுத்த வருடம் அங்கிருந்து தெருவிளக்கு கேட்டு மனு வரும்.

பட்ஜெட் போடுவதற்கு எங்கள் அலுவலகத்தில் எழுதப்படாத ஒரு முறை இருந்தது. பதினைந்து வார்டு, பதினைந்து மெம்பர், ஆளுக்கு ஒரு பெரிய வேலை. யாருக்கும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சண்டை வராமலிருக்க யாரோ கண்டுபிடித்த வழி. சண்டையும் வரவில்லைதான்... ஆனால் தண்ணீருக்கு இந்த ஏற்பாடு தெரியாதே.

ஏழாவது வார்டு மெம்பர் தங்கப்பன் அண்ணன். ஹார்டுவேர் கடைக்காரர். ஒரு வருடம் தன் வார்டுக்கு வடிகால் வாங்கினார். எட்டாவது வார்டு லீலாபாய் அக்காவும் அதே வருடம் வடிகால் வாங்கினார். இரண்டு வார்டுக்கும் எல்லை, நடுவே இருந்த பதினெட்டு அடி அகலச் சந்து. ஏழின் வடிகால் சந்தின் இந்தப் பக்கம் வந்து நின்றது. எட்டின் வடிகால் அந்தப் பக்கத்தில் தொடங்கியது. சந்து யாருடையது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து... தன்னுடையது இல்லை.

அந்தச் சந்தின் பள்ளத்தில்தான் பிரேமா அக்காவின் வீடு. எனக்கு ஜாக்கெட் தைத்துத் தருபவர். ஐப்பசி மழையில் ஏழாவது வார்டுத் தண்ணீர் முழுவதும் அவர் வீட்டுக்குள் வந்துவிட்டுத்தான் போகும். தையல் மெஷினின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்திருந்தார். ஊர்க்காரர்களின் துணிகள் எல்லாம் கட்டிலில் குவிந்திருக்கும். இரண்டு கல்யாணத் துணி நனைந்து கெட்டுப்போன பிறகு ஆட்கள் வருவது குறைந்தது.

மூன்று முறை மனு கொடுத்தார். மூன்றிலும் முத்திரை குத்தியது நான்தான். மூன்றாவது முறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"மக்ளே, நான் எந்த வார்டு வெள்ளத்துல நிக்கேன்னு மட்டும் சொல்லிரு. அந்த மெம்பர்ட்ட போயி கேக்கேன்."

அப்போதெல்லாம் என் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு நூலகப் புத்தகம் இருக்கும். எல்லைக்கோட்டால் நாடுகள் பட்ட பாட்டையெல்லாம் படித்திருக்கிறேன். பதினெட்டு அடிக்கும் அந்தப் பாடு உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது மனு வந்த அந்த வருடம் தங்கப்பன் அண்ணன் புது மனைகளுக்குத் தெருவிளக்கு தருவதாகச் சொல்லியிருந்தார். லீலாபாய் அக்கா அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவர். ஆளுக்கு ஒரே வேலை என்பதால், சந்து தன்னுடையது என்று ஒப்புக்கொள்பவருக்கு விளக்கோ சுவரோ கிடைக்காது.

செயல் அலுவலர் வேலைப் பட்டியலைச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பதினைந்து முடிந்ததும் கை நிற்கவில்லை. 'சந்தின் குறுக்கே வடிகால் இணைப்பு, மேலே ஸ்லாப்' என்று பதினாறாவதாக ஒரு வரி. வார்டு எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "இதுக்கு வார்டு?"

"தெரியல சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "தெரியலன்னா அப்படியே கெடக்கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே அந்த வரிக்குப் பொது நிதியிலிருந்து பணம் ஒதுக்கியிருந்தார்.

பட்ஜெட் கூட்டத்தன்று மெம்பர்களுக்கு டீயும் ஏத்தம்பழ பஜ்ஜியும் வந்தன. பஜ்ஜி எண்ணெய் படிந்த விரலால் ஒவ்வொருவரும் தன் வார்டு வரியைத் தேடித் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாளை மடித்தார்கள். லீலாபாய் அக்கா மட்டும் கடைசி வரை படித்தார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். தினக்கூலி வேலை... நாளைக்கு வரவேண்டாம் என்று சொன்னால் முடிந்தது.

"பதினாறாவது யாருக்க வேல?" என்று கேட்டார் லீலாபாய் அக்கா.

"எனக்க இல்ல" என்றார் தங்கப்பன் அண்ணன் அவசரமாக.

"எனக்கதும் இல்ல. பொறவு இத கொண்டாந்தது யாரு?"

செயல் அலுவலர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாருக்கதும் இல்லல்லா? அப்போ யாருக்க பங்கும் கொறையல. எதிர்ப்பு உண்டுமா?"

லீலாபாய் அக்கா என்னைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். பிறகு இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார். தலைவர் அடுத்த பொருளுக்குப் போனார்.

வைகாசியில் வேலை முடிந்தது. யாருக்கும் வேண்டாமலிருந்த சந்துக்கு அன்று இரண்டு மெம்பர்களும் வந்துவிட்டார்கள்.

"எனக்க வார்டு வெள்ளம்லா இதுல ஓடப்போவுது" என்றார் தங்கப்பன் அண்ணன்.

"இத்தன நாளும் ஓடும்போ அது உம்ம வெள்ளம்னு சொல்லலியே ஓய்" என்றார் லீலாபாய் அக்கா.

பிரேமா அக்கா டீ தம்ளர்களோடு நடுவில் வந்தார். "ரெண்டு பேரும் ஸ்லாப்புல ஆளுக்கொரு கால வச்சு நில்லுங்க. போட்டா எடுத்துரலாம்."

அதன்பின் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். இப்போது அலுவலகத்தில் எல்லாம் இணையத்தில்தான். வரைபடத்தில் ஒவ்வொரு தெருவும் தெரிகிறதாம். நல்லதுதான். ஒரு வேலையின் கோப்பைத் தேட மூன்று அலமாரியைக் கவிழ்த்தவள் நான். என் பழைய நாற்காலியில் இப்போது இருக்கும் பெண்ணிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்... வார்டு எண் இல்லாமல் ஒரு வேலையைப் பதிய முடியுமா?

"அந்தக் கட்டத்துல சிவப்பு நட்சத்திரம் உண்டுக்கா. நம்பர் போடாம அடுத்த பக்கம் போவாது."

போன ஐப்பசியில் ஜாக்கெட் துணியோடு பிரேமா அக்கா வீட்டுக்குப் போனேன். நல்ல மழை. மெஷின் தரையில் நின்றது. செங்கற்கள் வாசலில் துளசித் தொட்டிக்கு அடியில் இருந்தன. திரும்பும்போது சந்தின் நடுவில் குடையோடு கொஞ்ச நேரம் நின்றேன். ஸ்லாப்புக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் காலில் தெரிந்தது.

நான் நின்றது எந்த வார்டு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.